பழுப்பு உறையைப் பிரிக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். எப்போதும் சம்பிரதாயத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, லாரி ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து, மூச்சு விட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீயும் அம்மாவும் நலமாக இருக்கவேண்டும்.

நம் வீட்டுக்கு என் கையெழுத்தில் ஒரு பழுப்பு உறை வரும், நூல் சுற்றியிருக்கும். அதை நம்பாதே, நான் சாகவில்லை. போர்முனைக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கடைசிக் கடிதம் எழுதி முகாம் எழுத்தரிடம் கொடுத்து வைப்பது இங்கே வழக்கம். திரும்பி வந்தால் வாங்கிக் கிழித்துப்போடுவோம், வராவிட்டால் அவர் தபாலில் சேர்ப்பார். செவ்வாய்க்கிழமை குண்டு விழுந்து முகாமைக் காலி செய்த அவசரத்தில், அந்த மனிதர் தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்த அந்தக் கடிதங்களையும் தபால் பையிலேயே கொட்டிவிட்டார். பதினேழு பேர், எமனுக்கே தெரியாமல் தபாலில் செத்துப்போனோம். முதலில் சிரித்தோம். சமையல்காரர் தன் மனைவிக்கு இது எட்டாம் மாதம் என்றார், அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எழுத்தரை அடிக்கப் போனவர்களே அவர் அழுததைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

எனக்குக் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். நீ தையல் கூடத்துக்குப் போன பிறகுதானே தபால்காரர் வருவார். அதனால்தான் இதைத் தையல் கூடத்து விலாசத்துக்கே போடுகிறேன். அம்மா போன வருஷம் நெஞ்சு வலி வந்தவள், என் கடிதம் என்றால் செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டு டீச்சரிடம் ஓடிப் படிக்கச் சொல்வாள். அந்த உறை இரண்டு நாள் முந்திக் கிளம்பிவிட்டது. பாலம் உடைந்து தபால் பையெல்லாம் ஆற்றங்கரையில் தேங்கிக் கிடக்கிறதாம், அது ஒன்றுதான் நம்பிக்கை. இதை மட்டும் லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து, ஆற்றைத் தாண்டி அக்கரைத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் லீவு போட்டு வாசலிலேயே இரு. மேற்பார்வையாளர் முறைத்தால் முறைக்கட்டும். டீச்சரிடமும் சொல்லி வை. அம்மா ஏன்டி வேலைக்குப் போகலை என்று திட்டுவாள், திட்டட்டும், என்னைத் திட்டிப் பழகிய வாய்தானே.

நாளைக் காலை போர்முனைக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போகிறேன். நேற்றுப் போன நான்கு லாரியில் இரண்டுதான் திரும்பி வந்தன. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன், இன்றைக்கு டயரை மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டேன். மற்றவர்களிடம் சொல்ல வெட்கம், உன்னிடம் என்ன வெட்கம், பயமாக இருக்கிறது பாப்பா. எழுத்தர் புதுக் காகிதம் கொடுத்து இன்னொன்று எழுதித் தாங்கண்ணே என்றார். முடியாது என்றுவிட்டேன். அந்த ஒன்றை எழுதவே மூன்று நாள் ஆனது, மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அதனால் அந்த உறை வந்தால் கிழிக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். உன் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுக்கு அடியில் வை. நான் வந்து என் கையாலேயே கிழித்துப்போடுகிறேன்.

நீ நன்றாக இரு, நூறு வயசு இரு. வேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் மாத்திரையை மறக்காதே. ஒருவேளை அதைப் பிரிக்கும்படி ஆகிவிட்டால், முதலில் அம்மாவை உட்காரவைத்துவிட்டுப் படி.

இப்படிக்கு,
இன்றைக்கு உயிரோடிருக்கும்
உன் அப்பா