சத்தம் வராத உன் பாட்டு

என் செல்ல ராசா துசிக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருசமாகப் போகிறது, உன் ஆட்டைத் திவசம் கிட்டி விட்டது. அன்றைக்கு வருகிற சனத்துக்கு உன் பாட்டைப் போட்டுக் காட்டுவதென்று பேசி வைத்திருந்தோம். இனி அது நடக்காது. பிறத்தியார் சொல்லி நீ அறியக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

உன் கொம்பியூட்டர் பழுதாகவில்லை. லைற் எரிகிறது, படம் வருகிறது. நீ பாட்டுக் கட்டுகிற மென்பொருள்தான் திறந்த கையோடு மூடிக் கொள்கிறது. எத்தனை தரம் அமத்தினாலும் அதே கதைதான்.

தங்கச்சி கஜனியை ஏசாதே. ஆட்டை முடியாத வீடென்று இந்த முறை நவராத்திரிக்குக் கும்பம் வைக்கவில்லை. ஆனாலும் நீ வைக்கிற மாதிரி உன் கொம்பியூட்டரைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துப் பூப் போட்டோம். விஜயதசமிக் காலையில் எடுத்தால் நல்ல நேரத்துக்குள் அதில் ஏதாவது தொடங்க வேண்டும் அல்லவா? நீயென்றால் ஒரு மெட்டு வாசிப்பாய். கஜனிக்கு என்ன தெரியும்?

"அம்மம்மா, கொம்பியூட்டருக்குப் புதுசு வந்திருக்காம். தொடங்கவோ எண்டு அதுவே கேக்குது. ஓம் எண்டு குடுக்கட்டே?"

"குடு பிள்ளை, நேரம் போகுது" என்றேன்.

அது தன்னை முழுக்க மாற்றிக் கொண்டு மத்தியானம்தான் எழும்பியது. அன்றோடு உன் பாட்டு அடைபட்டுப் போயிற்று.

உன்னோடு கலியாண வீடுகளில் கீபோட் வாசித்த றிஸ்வான் கிண்ணியாவிலிருந்து வந்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவன், ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீ பாட்டுக்குள் சேர்த்து வைத்த வாத்தியங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தித் திறந்து பார்த்தான். கடைசியில் ஒன்றை நிறுத்தியதும் பாட்டு மூடாமல் நின்றது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் திரையில் கோடுகள் ஓடினவே தவிர, ஒரு சத்தமும் இல்லை.

"இதுதான் அம்மம்மா. துறைமுகத்தில புடிச்சுக் கொண்டு வந்த சத்தமெல்லாம் இந்த வாத்தியத்துக்குள்ளதான் போட்டு வெச்சிரிக்கான். புதுசு இத ஏத்துக் கொள்ளுதில்ல."

கப்பல் ஊதுவதும், கயிறு இழுபடுவதும், வள்ளத்து மெசின் இரைவதும்தானே உன் வாத்தியம்? பாட்டு முழுக்க முடியாமல் வெளியில் விட மாட்டேன் என்று ஒரு பிரதிகூட யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாய். அப்படி என்ன குறை கண்டாய் அதில்?

பிறகு றிஸ்வான் பழைய கொம்பியூட்டர் ஒன்றைத் தேடிக் கொண்டு வந்தான். பழைய மாதிரியே எல்லாம் ஏற்றினான். அங்கே அந்த வாத்தியம் உன் பாஸ்வேர்டைக் கேட்டது. கஜனி தன் பெயரைப் போட்டாள், அம்மாவின் பெயரைப் போட்டாள்.

"விடு, என்ர பேரைப் போடு. வேற ஆற்ற பேரை வைக்கப் போறான்?" என்றேன்.

"அம்மம்மாட பெருமையப் பாருங்களன்" என்று றிஸ்வான் சிரித்தான். போட்டான். பிழை என்றது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. யாருடைய பெயரை வைத்தாய், ராசா? கோபமில்லை, சும்மாதான் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு பூட்டிக் கொண்டது. அதைச் செய்து விற்ற கொம்பனிக்குக் கஜனி இங்கிலீசில் எழுதினாள். அவர்கள் அந்த வாத்தியத்தைக் கைவிட்டு விட்டார்களாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீ செய்தது உள்ளேயே இருக்கிறது, ஆனால் எடுக்க ஏலாது என்கிறார்கள். இதை எப்படி நான் விளங்கிக் கொள்வது?

நேற்று றிஸ்வான் கடைசியாக ஒன்று செய்து பார்த்தான். உன் கோடுகளுக்குக் கீபோட் சத்தத்தைக் கொடுத்தான். மெட்டு உன்னுடையதுதான். கேட்க வடிவாகவும் இருந்தது. ஆனால் கடைத்தெருவில் யாரோ போடுகிற பாட்டு மாதிரி இருந்தது. நான் நிற்பாட்டச் சொன்னேன்.

கஜனிக்குக் கோபம் வந்து விட்டது. "அப்ப சனம் வந்து சும்மா இருந்து சாப்பிட்டிட்டுப் போகட்டோ?"

"போகட்டும். அது அவன்ர பாட்டில்லை."

அவள் அழுது கொண்டு குசினி அடுப்படிக்குப் போனாள். உன் அம்மா உன் அறைப் பக்கம் வருவதே இல்லை. நான் செய்தது சரியோ தெரியவில்லை.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். திவசத்தன்று சாப்பாட்டுக்கு முன் உன் கொம்பியூட்டரைக் கூடத்தில் வைப்பேன். றிஸ்வான் உன் பாட்டைத் திறப்பான். கோடுகள் ஓடும், சத்தம் வராது. அவை ஓடி முடியுமட்டும் ஒருவரையும் எழும்ப விட மாட்டேன்.

உன்னைப் பெற்றவளைப் பெற்ற,
உன் அம்மம்மா