பத்மாசனியும் மூன்று ஹெட்போன்களும்

22.1.63, கிளிநொச்சி

பத்மாசனியை ஆசுப்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிழமை. நெஞ்சு வருத்தம் மாறிவிட்டது. ஊசிதான் மாற்றியது. அதே ஊசி காது இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற அன்று டாக்குத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நரம்பு செத்துப்போட்டுது தம்பி, இனித் திரும்பாது" என்றார். மனைவி உயிர் தப்பியதே பெரிது என்றும் சொன்னார். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை. சிலேற்றில் "கொஞ்ச நாள் எடுக்கும்" என்று எழுதிக் காட்டினேன். அவள் அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

டாக்குத்தருக்கு நரம்பு தெரியும். மின்சாரம் தெரியாது. நான் கொழும்பில் மூன்று வருஷம் ரேடியோ படித்தவன். நீர்ப்பாசனக் கந்தோரின் வயர்லெஸ் முழுவதும் என் கையில் இருக்கிறது. சத்தம் போதாவிட்டால் பெருக்கலாம். இது பாலர் வகுப்புப் பாடம்.

27.1.63

கந்தோர் அலுமாரியில் கிடந்த பழைய ஆமி ஹெட்போனைக் கேட்டு வாங்கினேன். ஒற்றை வால்வு அம்பிளிபயர் ஒன்று என்னிடம் இருக்கிறது. குவாட்டர்ஸுக்குப் பொழுதுபட ஆறு மணிக்குத்தான் வேர்க்‌ஷொப் எஞ்சினிலிருந்து கரண்ட் வரும். அதுவரை பொறுக்க முடியவில்லை. கார் பற்றரியில் ஓட்டிப் பார்த்தேன்.

அவள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் கையைத் தூக்கினாள்.

தூக்கினாள்!

3.2.63

நல்லதைக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் எது நல்லது என்று எனக்குத் தெரிய வேண்டும். என் காதாலே கேட்டு எழுதுகிறேன்.

ஆமிச் சோடி: இரும்புத் தகடு. எதிர்த்தடை கூடியது என்றபடியால் கொஞ்சக் கரண்டுக்கே கத்தும். ஒற்றை வால்வு தாராளம். பேச்சுக்கு நல்லது, பாட்டுக்கு உதவாது. செய்தி வாசிப்பவர் பிஸ்கற் தகரப் பேணிக்குள் இருந்து வாசிக்கிறார்.

பளிங்குச் சோடி (கிறிஸ்டல், வவுனியாவில் வாங்கியது): பஞ்சுபோல் பாரமில்லை. ஆனால் மேல்சத்தம் மட்டுந்தான். 'ச' வரும் இடமெல்லாம் ஊசி குத்துகிறது. மிருதங்கத்தில் வலந்தலை உண்டு, இடப்பக்கத் தொப்பி இல்லை. பெரிய அம்பிளிபயரில் போட்டால் இன்னும் மோசம்.

இரண்டும் அவளுக்குப் போதாது. இப்போது ஜேர்மனியில் செய்கிறார்கள், ஒலிபெருக்கியைச் சின்னதாக்கிக் காதில் வைத்ததுபோல். என்னோடு படித்த பரமலிங்கம் கொழும்பில் ரேடியோக் கடை ஒன்றில் நிற்கிறான். அவனுக்கு எழுதிப் போட்டேன். சைக்கிளை விற்கப் போகிறேன். கந்தோர் நடக்கிற தூரந்தானே.

10.2.63

மாமா துணுக்காயிலிருந்து வந்தார், மகளுக்கு ஒரு சாக்குப் பச்சையரிசியோடு. கதிர்காமநாதன் என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வடமராட்சியிலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய ஆள். சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாது. அதில் எனக்கு அவரைப் பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை.

"தம்பி, கோவிக்காதேங்கோ. நீங்கள் இளந்தாரி. கலியாணம் முடிச்சு ஒண்டரை வரியந்தான். பிள்ளையை நாங்கள் கொண்டுபோறம். உங்களை ஒருத்தரும் குறை சொல்லாயினம்."

குசினி வாசலில் அவள் நின்று எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன்: "சித்திரை வருசத்துக்கு வாங்கோ மாமா. நீங்கள் கூப்பிட அவ திரும்பிப் பாப்பா. பாக்காட்டிக் கூட்டிக்கொண்டு போங்கோ."

சொல்லிவிட்டேன். இனிச் செய்ய வேண்டியதுதான்.

21.2.63

ஜேர்மன் சோடி வந்துவிட்டது. ஒற்றை வால்வில் மாட்டிக் கேட்டேன். ஏமாற்றம். கிணற்றுக்குள் இருந்து யாரோ கதைக்கிறமாதிரி. பரமலிங்கத்தைத் திட்டிக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகு யோசித்தால் பிழை என்னில். இதன் எதிர்த்தடை குறைவு, கேட்கிற கரண்ட் அதிகம். ஆமிச் சோடிக்குச் செய்த அம்பிளிபயர் இதை எப்படி அசைக்கும்? கடிதத்தைக் கிழித்தேன்.

புதிதாக ஒன்று கட்ட வேண்டும். கடைசிக் கட்டத்தில் இரண்டு வால்வு, ஒன்று தள்ள ஒன்று இழுக்க. ட்ரான்ஸ்போமரை நானே சுற்றுவேன்.

9.3.63

முடித்தேன். ரேடியோவில் நாதஸ்வரம் போனது. ஜேர்மன் சோடியைப் போட்டுக் கேட்டேன்.

என்ன சொல்ல. தவிலின் தோல் தெரிகிறது. வாசிப்பவர் மூச்சு எடுக்கும் இடம் தெரிகிறது. இவ்வளவு நாளும் நான் கேட்டது ரேடியோவே இல்லை. அதே சோடிதான், இரண்டு கிழமைக்கு முன் கிணற்றுக்குள் கிடந்தது. அம்பிளிபயர் மாறியதும் ஆளே மாறிவிட்டது.

ஒரு நிமிஷம் அவளை மறந்துபோனேன். நிமிர்ந்தால் எதிரே கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "பாட்டோ?" என்று கேட்டாள். உரத்துக் கேட்டாள். இப்போது உரத்துத்தான் கதைக்கிறாள். குரலில் ஏற்றஇறக்கம் குறைந்து வருகிறது.

12.3.63

பரீட்சை. மேசைக்கு மேலே துணி போட்டு மூடிவிட்டு வயர்களை மாற்றி மாற்றிக் கொழுவினேன். எந்த அம்பிளிபயர் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. சிலேற்றில் "எது கூட?" என்று எழுதி வைத்தேன். முதலாவது அதிகம் என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு.

பிழையே விடவில்லை. ஜேர்மன் சோடி, பெரிய அம்பிளிபயர், ஒவ்வொரு முறையும். பளிங்குச் சோடிக்குத் தலையை ஆட்டி இல்லை என்றாள். என் காது சொன்ன அதே வரிசை!

டாக்குத்தருக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

17.3.63

ஞானப்பிரகாசம் வந்தான். கந்தோர் ஜீப் ஓட்டுகிறவன், முல்லைத்தீவு. மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "மச்சான், நீ பெஞ்சாதிக்கு வைத்தியம் பாக்கிறியோ, ரேடியோ நிலையம் நடத்திறியோ?" என்றான். அவளுக்கு மீன் கொண்டுவந்திருந்தான். கையால் மீனின் நீளத்தைக் காட்டி, அது வலையில் துள்ளியதைக் காட்டி, தான் வழுக்கி விழுந்ததையும் காட்டினான். அவள் சிரித்தாள். விசர்க் கூத்து. பரீட்சைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

24.3.63

ஒவ்வொரு சத்தமாக எழுப்பும் ஓசிலேட்டர் வைத்துச் சோதித்தேன். கீழ்ச்சத்தத்துக்கு உடனே கை தூக்குகிறாள். நடுச்சத்தத்துக்கு, நன்றாகக் கூட்டினால். மேலே ஒன்றுமில்லை. தாளில் கோடு கீறினேன். மலையிலிருந்து இறங்குகிறமாதிரி விழுகிறது. அப்படியென்றால் மேல்சத்தந்தான் போயிருக்கிறது, கீழ்ச்சத்தம் மிச்சம் இருக்கிறது. மேலே மட்டும் தூக்கிக் கொடுக்கிறமாதிரி ஒரு கட்டம் சேர்த்தால் பேச்சு விளங்கும். கணக்குச் சரி.

மைக்கில் "பத்மா" என்றேன். கை தூக்கவில்லை. எத்தனையோ தரம் சொன்னேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. "கவனமாக் கேளுமன்!" என்று கத்தினேன். அதற்குக் கை தூக்கினாள்.

2.4.63

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

பின்னேரம் புதுக் கட்டத்தைச் சேர்த்துப் பரீட்சை. அவளுடைய காது மடல் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. ஜேர்மன் சோடியின் பிடி இறுக்கம். நான் மற்றப் பக்கம் திரும்பி வயரை மாற்றினேன். திரும்பிப் பார்க்கிறேன், ஹெட்போன் காதில் இல்லை. கழற்றி, கழுத்துக்குக் கீழே, காறை எலும்பில் அழுத்திப் பிடித்திருக்கிறாள். இரண்டு விரல் காட்டுகிறாள்.

சரியான விடை.

நான் ஹெட்போனை வாங்கி அவளுடைய முழங்காலில் வைத்தேன். வயரை மாற்றினேன். ஒரு விரல். சரி. மணிக்கட்டில் வைத்தேன். சரி. பளிங்குச் சோடியை வைத்தேன். தலையை ஆட்டினாள், இல்லை.

அதிர்வு. அவ்வளவுதான். தவில் அடிக்கிற வீட்டுச் சுவரில் கை வைத்தால் கைக்குங்கூடத் தெரியும். நான் கீறிய கோடு அவளுடைய காதின் கோடு இல்லை, தோலின் கோடு. படித்தவனாம். ரேடியோ படித்தவனாம்!

சிலேற்றை எடுத்து எழுதினேன்: "ஏன் சொல்லேல்லை?"

அவள் வாசித்தாள். "நீங்கள் எது கூட எண்டுதானே கேட்டீங்கள். கூட அதிருறதைச் சொன்னனான். முதல்நாளே உங்களுக்கு விளங்கியிருக்குமெண்டு நினைச்சன். பிறகு பாத்தால் உங்கட முகம்... அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

கொஞ்ச நேரம் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், அந்த ஏற்றஇறக்கமில்லாத குரலில்:

"ஆசுப்பத்திரியால வந்த பிறகு, இந்த மேசையில இருக்கேக்கை மட்டுந்தான் நீங்கள் என்ர முகத்தைப் பாக்கிறீங்கள்."

டாக்குத்தர் சொன்னதும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கே என் முகத்தில் பார்த்துவிட்டாளாம்.

3.4.63

கந்தோருக்குப் போகவில்லை.

14.4.63

வருஷப் பிறப்பு. மாமா வந்தார். முற்றத்தில் நின்று "பிள்ளை" என்று கூப்பிட்டார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருக்கால் கூப்பிட்டார். எனக்காகத்தான் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன், நான் சொன்னது நடக்கட்டும் என்று. பிறகு என்னைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

போ என்றும் நான் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. அவளாகவே பெட்டியை எடுத்தாள். "கொஞ்ச நாளைக்கு" என்றாள்.

22.4.63

ஜேர்மன் சோடியைப் போட்டுக் கொஞ்சம் கேட்டேன். குறை ஒன்றுமில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

25.4.63

ஞானப்பிரகாசம் சோறு கொண்டுவந்தான். "மச்சான், அந்தப் பிள்ளை என்ர கையைப் பாத்து முழுக்கதையும் விளங்கிச் சிரிச்சது. அந்த நேரம் நீ என்ன செய்துகொண்டு நிண்டனி?"

நான் வயர் மாற்றிக்கொண்டு நின்றேன்.

5.5.63, துணுக்காய்

பஸ்ஸில் வந்தேன். மாமி தேத்தண்ணி தந்துவிட்டு உள்ளே போய்விட்டா. பத்மாசனி நெல்லுக் காயவிட்டுக் காவல் இருந்தாள். கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறாள். பக்கத்தில் போய், "வீட்டை வாரும்" என்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள். விளங்கவில்லை. உரத்துச் சொன்னேன், பழக்கதோஷம். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அவள் சொன்னாள்: "அம்மாவின்ர வாய் இப்ப எனக்கு விளங்குது, வெத்திலை போடாத நேரம். அய்யாவின்ரதும் விளங்குது. உங்கடதுதான் விளங்கேல்லை. மீசை மூடுது. போதாக்குறைக்கு எங்கையோ பாத்துக்கொண்டெல்லோ கதைக்கிறீங்கள்."

சந்திச் சலூனுக்குப் போனேன். மீசையை எடுக்கச் சொன்னேன். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"ஆர் தம்பி மோசம் போனது? அப்புவோ?"

"ஒருத்தருமில்லை."

அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல், மெதுவாக, மரியாதையாக வழித்துவிட்டார். பக்கத்துக் கதிரைகளில் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் செத்த வீட்டுக்காரன்தான். கண் கலங்கியது. சவர்க்காரம் என்று சொன்னேன்.

மாமா படலையில் என்னைக் கண்டு பதறிப்போனார். "என்ன தம்பி இது, உங்கட அய்யா குத்துக்கல்லாட்டம் இருக்கேக்கை!" அவள் பின்னால் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் மேலுதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள், தகப்பன் நிற்கிறார் என்றும் பாராமல்.

19.5.63, கிளிநொச்சி

பத்மாசனி நேற்று வந்தாள்.

இன்று எஞ்சின் தொடங்குமுன் சாப்பாட்டு மேசைக்கு மேலே இருந்த பல்ப்பைக் கழற்றி, வயரை இழுத்து, அவள் இருக்கும் பக்கத்துச் சுவரில் போட்டேன். வெளிச்சம் என் முகத்தில் விழ வேண்டும். கண் கூசுகிறது. பழகிவிடும்.

சாப்பிடும்போது "புளி கூடிப்போச்சு" என்றேன். விளங்கவில்லை. திருப்பிச் சொன்னேன். "பிள்ளையோ, எந்தப் பிள்ளை?" என்றாள். மூன்றாம்முறை சொன்னேன், கத்தாமல். "அப்ப நாளைக்கு நீங்களே சமையுங்கோ" என்றாள்.

பிறகு சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், "என்ர குரல் இப்பவும் முந்தின மாதிரியே இருக்கோ?" கேட்டுவிட்டு நிமிர்ந்து என் வாயையே பார்த்தாள்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லை" என்றேன். "மாறிப்போச்சு."

அதை முதல்தரமே விளங்கிக்கொண்டாள். பிறகு என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.