ஸ்வெட்டரோடு புழு மனைக்குள் போன அன்று

அன்பு மகள் சுவாதிக்கு அப்பா எழுதுவது. இங்கே வேப்பனப்பள்ளியில் நானும் அம்மாவும் நலம், மல்பெரித் தோட்டமும் தளதளவென்று இருக்கிறது. நீயும் அந்த நியூசிலாந்து மண்ணில் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். என்னடா அப்பா போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறாரே என்று பார்க்காதே, போன் போட்டால் உன் அம்மா செல்வம்மாள் உடனே ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள். இது அவள் காதில் விழக்கூடாத சமாச்சாரம்.

போன வருஷம் நீ கொண்டுவந்து கொடுத்த கம்பளி ஸ்வெட்டர் விஷயம்தான். கையில் வைத்தால் கனமே தெரியாது, போட்டால் அடுப்பங்கரையில் உட்கார்ந்த சூடு. அதன் ஒவ்வொரு ரோமமும் சுருண்டு சுருண்டு இருப்பதால் நடுவில் காற்றுத் தங்கி, அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது என்று நீ சொன்னதை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். ஆட்டு ரோமத்தின் தடிமனை அளந்து சம்பளம் வாங்கும் மகள் இந்தப் பக்கத்தில் வேறு யாருக்கு இருக்கிறாள்? ஆனால் கம்பளியைப் பூச்சி அரிக்கும், பத்திரம் என்றும் சொன்னாய் அல்லவா, உன் அப்பன் சும்மா இருப்பேனா, பீரோவில் அதற்கு மடிப்புக்கு மடிப்பு பாச்சா உருண்டை போட்டு வைத்தேன்.

மார்கழியில் அப்படி ஒரு குளிர். எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டது. அப்போது புழு வளர்க்கும் மனையில் இருந்தது உன் கல்யாணப் புடவைக்கென்று அம்மா வளர்த்த பட்டுப்புழு. என் மகள் கட்டும் பட்டு என் கை இலை தின்ற புழுவின் நூலாகத்தான் இருக்கணும் என்று அவள் பிடித்த பிடிவாதம் உனக்கே தெரியும். நாலாவது தோலும் உரித்து நாலு நாள், இன்னும் மூன்று நாளில் கூடு கட்ட ஏறவேண்டியது. விடிந்ததும் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன், உடம்பில் அந்த ஸ்வெட்டர். சுடுகிறது என்று வாசல் பக்கத்துப் புழு அடுக்கிலேயே கழற்றி மாட்டிவிட்டு, மாடு கறக்க வந்துவிட்டேன். இத்தனைக்கும், வாசனை புழுவுக்கு ஆகாது, பவுடர் பூசிக்கொண்டு வந்தாள் என்று உன் அத்தை வெங்கடம்மாளையே அதற்கு முந்தின மாதம் வாசலோடு திருப்பி அனுப்பிய மகாராஜன் நான்!

அரை மணி நேரம் கழித்து உன் அம்மா உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாளாம். சத்தம் இல்லை. அந்த வயசுப் புழு இலை தின்றால் மனை முழுக்கச் சரசரவென்று கேட்குமே, அது இல்லை. வாசல் பக்கத்துப் புழுவெல்லாம் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, வாயில் பச்சை நிறத்தில் நீர் வடிய நின்றன. இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க, பாச்சா உருண்டை நாத்தம் உனுக்கு அடிக்கலியா என்று ஒரே கத்தல்தான். ஸ்வெட்டரைத் தோட்டத்துக் கோடிக்கு வீசினாள், என்னையும் வெளியே தள்ளினாள். ஐயோ, பிள்ளையின் புடவையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கம் என்ன.

அவள் அழவில்லை. எல்லாத் திரையையும் சுருட்டிவிட்டாள், அடுக்குக்கு அடுக்கு வலையை விரித்து மேலே புது இலை தூவினாள். தெம்பு இருந்த புழு வலைக்கண் வழியாக மேலே ஏறும், ஏறியதை வலையோடு தூக்கிக் காற்றோட்டமான பக்கம் வைப்பாள், மறுபடி வலை, மறுபடி இலை. பகல் முழுக்க ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டு, கேக்குதா பாரு என்றாள். கேட்டது, சரசரவென்று. அந்த மாதிரி ஒரு பெண்பிள்ளையைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை.

வாசல் அடுக்கு ஒன்றுதான் போனது. மற்றதெல்லாம் கூடு கட்ட வைக்கும் சந்திரிகைத் தட்டில் ஏறி, கல்லுப்போலக் கூடு கட்டியது. நூல் எடுக்கும் நாராயணப்பன் கூட்டைக் காதோரம் ஆட்டிப் பார்த்து அசந்துபோனார். ஒரே கூட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அறுபடாத இழை வரும், உன் ஆட்டு ரோமம் அதன் பக்கத்தில் நிற்குமா என்று உன் மெஷினையே கேட்டுப் பார். ஓர் அடுக்கு ஏன் குறைச்சல் என்று அவர் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. உன் அம்மா நிமிராமல், நான்தான் ஈர இலை போட்டுட்டேன் என்றாள். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் ஈர இலை போடாதவள். இன்றுவரை யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த ஸ்வெட்டரை நீ சொன்னபடியே பச்சைத் தண்ணீரில் அலசி, பன்னிரண்டு நாள் மாமரத்து நிழலில் காயவைத்து, தினமும் மோந்து பார்த்தாள். வாசம் போன அன்று எடுத்துப் போட்டுக்கொண்டவள்தான், இன்னும் கழற்றவில்லை. ஆட்டு மசுரு என்று கேலி பேசியவள். எனக்கு வேறு ஒன்று கொண்டு வா தாயே.

புடவை தறியில் இருக்கிறது, மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, மகராசியாக இரு. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. ஒன்றை மட்டும் மறக்காதே. வைகாசியில் கல்யாண மேடையில் எங்கள் இரண்டு பேர் காலிலும் சேர்த்து விழச் சொல்வார்கள், நீ முதலில் அம்மா காலைத் தொடு. ஏன் என்று யார் கேட்டாலும் சொல்லாதே, அவள் கேட்டாலும்தான்.

இப்படிக்கு,
உன் அப்பன்
கோவிந்தப்பன்