சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

நீங்கள் அசந்து தூங்கினீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது.

நம் ஷெட்டில் ரிப்பேருக்கு நிற்கும் பழைய காரின் சொந்தக்காரர் பத்து மணிக்கு வண்டியை ஓட்டிப் பார்க்க வருவார். சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பின்சக்கரத்து பிரேக்கில், போல்ட் கழலாமலிருக்கக் கட்டும் கம்பி ஒரு ஜோடி போல்ட்டுக்குத் திசை மாறிப்போயிருந்தது. போல்ட் லேசாகத் தளர்ந்தாலும் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இது கழற்றும் பக்கமாக இழுத்தது. விடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெட்டி எடுத்துவிட்டேன். புதுக் கம்பி வாங்கத்தான் கடைக்குப் போகிறேன்.

நேற்று நீங்கள், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடேன்" என்றீர்கள். "என் வேலையில மூக்கை நுழைக்காதீங்க" என்று கத்தினேன். அதோடு நீங்கள் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டீர்கள்.

அந்த ஜோடியைக் கட்டியது நான்தான். அவர் கேட்டால் மழுப்ப வேண்டாம். "என் பொண்டாட்டி தப்பாக் கட்டிட்டா, அவளே கண்டுபிடிச்சிட்டா" என்று சொல்லுங்கள்.

பி.கு.: வெட்டிய கம்பித் துண்டுகள் ஷெட் தரையில் கிடக்கும். வெறுங்காலோடு போகாதீர்கள்.

இன்னொன்று: பன்னிரண்டுக்குள் வந்துவிடுவேன். புதுக் கம்பியை நான் முறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தப்பென்று பட்டால் சொல்லுங்கள். கத்த மாட்டேன்.