ஊதா வெளுத்தது

ஜனவரி 9
ஆய்வகத்தில் இலவங்கப்பட்டைச் சாற்றை ஊதாக் கரைசலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் வெளிர் மஞ்சள். ஊதா வெளுத்தால் பட்டை நல்ல ஆன்டிஆக்சிடன்ட் என்று கணக்கு. தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், "பட்டை ஜெயிச்சிடுச்சு" என்று. என் வாய் சும்மா இருக்காது.

ஜனவரி 20
அத்தான் போன் செய்தார். அக்கா பத்து நாளாகச் சர்க்கரை மாத்திரையைத் தொடவில்லையாம். வேளாவேளைக்குப் பட்டைத் தண்ணீர்தானாம். கேட்டால், "என் தங்கச்சியே சோதிச்சுப் பாத்துட்டா" என்று போட்டோவைக் காட்டுகிறாளாம். இன்றைக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து.

நான் எப்ப மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்? சொல்லலதான். ஆனா அனுப்பினது நான்தானே.

ஜனவரி 21
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பட்டை விடாத குழாய், ஒப்பிட வைத்தது. அதுவும் பாதி வெளுத்திருக்கிறது! ஜன்னலோரம், மதிய வெயிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். வெயில் பட்டாலே வெளுக்கிற கரைசல் அது. முதல் வருஷப் பிள்ளைகூட இப்படிச் செய்யாது.

அக்காவுக்குப் போன் போட்டேன். "போட்டோ தப்புக்கா. பட்டை விடாம ஒப்பிட வச்ச குழாயும் வெளுத்திருக்கு. வெயில் பண்ண வேலை."
"அப்ப மாத்திரை போடணுமா?"
"இப்பவே போடு."

ஜனவரி 24
இருநூற்று நாற்பது. இறங்குகிறது.

ஜனவரி 27
திரையை இழுத்துவிட்டு, குழாய்களுக்கு அலுமினியத் தாள் சுற்றி, மூன்று தடவை செய்தேன். பட்டை விடாதது ஊதாவாகவே நிற்கிறது. பட்டை விட்டது மூன்று தடவையும் மஞ்சள். அப்ப பட்டை நிஜமாவே வேலை செய்யுது.

இதை அக்காகிட்ட எப்படிச் சொல்ல? சொன்னா மறுபடியும் மாத்திரையை நிறுத்திடுவா. அத்தான், "வாயை மூடிக்கிட்டு இரு தாயே" என்கிறார். ஆனால் "போட்டோ தப்பு" என்று சொல்லித்தான் அவளை மாத்திரை போட வைத்தேன். இப்போது அது பாதிப் பொய்.

ஜனவரி 28
நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். "குழாய்ல பட்டை வேலை செய்யுதுக்கா. ஆனா நான் பாத்தது ஒரு ஊதா நிறத்தை. சர்க்கரையை இல்ல. மனுஷங்களை வச்சுச் செஞ்ச ஆய்வு கொஞ்சம்தான், அதுவும் ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு சொல்லல. நீ குழாய் இல்லக்கா." அழுதுவிட்டேன்.

அக்கா கையிலிருந்த பட்டைத் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

பிப்ரவரி 3
அக்காவிடமிருந்து போட்டோ. மாத்திரை அட்டையில் ஆறு குழி காலி, நான் போய் வந்த ஆறு நாளுக்கு. பக்கத்தில் பிரிக்காத புது அட்டை ஒன்று. கீழே எழுதியிருந்தாள்: "பிரிக்காதது ஒப்பிட. ரெண்டையும் நிழல்லதான் வச்சிருக்கேன்."