ஐலினின் காதுவலித் தாள்

கோய்வில் தீவு, சிலோயே
ஜூன் 12, 2009

மதிப்புக்குரிய டாக்டரம்மாவுக்கு,

ஐலினின் அம்மா எல்சிரா எழுதுகிறேன். காதுவலி ஆய்வுக்கு நீங்கள் கொடுத்ததில் மூன்றாம் நாள் தாளைப் படகுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். காதை இழுப்பது, அழுகை, சிணுங்கல், தூக்கம், விளையாட்டு, சாப்பாடு, காய்ச்சல் என்று ஏழுக்கும், தொல்லை இல்லையென்றால் பூஜ்யம், அதிகமென்றால் இரண்டு என்று நீங்கள் சொன்னபடி எண் போட்டுவிட்டேன். முதல் நாள் கூட்டினால் பதினொன்று. இன்று மூன்றுதான். இங்கே ஒரே மூடுபனி, எதிர்க்கரை என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. ஐலின் என் தோளைவிட்டு இறங்குவதில்லை.

அன்புடன்,
எல்சிரா

காஸ்ட்ரோ
ஜூன் 13

அன்புள்ள எல்சிரா,

கடைசிக் கேள்வியை விட்டுவிட்டீர்களே. குழந்தை நன்றாகத் தேறினாளா, கொஞ்சமா, அப்படியேதான் இருக்கிறாளா? எண் எவ்வளவு இறங்கினால் பெற்றவளுக்கு அது குணமாகப் படும் என்பதைத்தான் இந்த ஆய்வில் தேடுகிறோம். அது எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று. விளையாட்டில் குறையில்லை என்று பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். தோளைவிட்டு இறங்காத பிள்ளை எப்படி விளையாடினாள்? கோபமில்லை, சொல்லுங்கள்.

உங்கள்,
சிமேனா

கோய்வில்
ஜூன் 14

டாக்டரம்மா,

பொய்தான் எழுதினேன். எண் இறங்கவே இல்லை, இன்று பன்னிரண்டு. கூடினால் ஆஸ்பத்திரிப் படகை அனுப்புவீர்கள் என்று பயம். ஐந்து வருஷத்துக்கு முன் மூச்சுத் திணறிய என் மூத்தவன் லௌதாரோவை அதில்தான் ஏற்றினார்கள். இடமில்லை என்று என்னைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். பனிக்குள் போனவன் உயிரோடு திரும்பவில்லை. இப்போதும் அந்தப் படகின் மோட்டார் சத்தம் கேட்டால் கரைக்கு இறங்கிப் போகிறேன். படகு கண்ணில் படுவதற்குள் திரும்பிவிடுகிறேன்.

என் கணவர் உங்கள் கடிதத்தைப் படித்தார். "பிள்ளைக்கு வலிக்குதுடி எல்சிரா," என்றார்.

எல்சிரா

காஸ்ட்ரோ
ஜூன் 14, மாலை

எல்சிரா,

நாளைக் காலை நானே படகில் வருகிறேன். ஐலினை ஏற்ற வேண்டியிருந்தால் முதலில் நீங்கள் ஏறுவீர்கள். அதற்குப் பிறகுதான் அவள்.

சிமேனா

கோய்வில்
ஜூன் 19

அன்புள்ள டாக்டரம்மா,

நேற்று காஸ்ட்ரோ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். அன்று உங்களோடு படகில் போனபோது வழியெல்லாம் ஐலின் என் மடியில் கிடந்தாள். பனி விலகி விலகி மூடியது. நீர்க்காகங்கள் எங்கிருந்தோ வந்து எங்கோ போயின. லௌதாரோவும் இதையெல்லாம் பார்த்திருப்பான், பயந்திருக்க மாட்டான் என்று முதல்முறையாகத் தோன்றியது.

இது உண்மையான தாள். பன்னிரண்டு எட்டாகியிருக்கிறது. இன்னும் காதைத் தொடுகிறாள், இன்னும் சிணுங்குகிறாள். 'கொஞ்சம்' என்று போடு என்றார் இவர். ஆனால் காலையில் உருளைக்கிழங்கு ரொட்டியை வாசலுக்கு வந்த கோழியிடம் நீட்டினாள். அது கொத்த வருவதற்குள் வெடுக்கென்று தன் வாயில் போட்டுக்கொண்டு, அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

'நன்றாக' என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறேன். நாலு குறைந்தால் போதும், டாக்டரம்மா. பெற்றவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

உங்கள்,
எல்சிரா