பிள்ளை, அவரிட்டச் சொல்லும்

6 ஆகஸ்ட் 1994, சனி

காலை ஷிப்ட். ஸ்ரேசன் ரிக்கற் கவுண்டரில் இருந்து சனத்துக்கு வழி சொல்லிச் சொல்லியே தொண்டை காய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் றோஸ்மலர் திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்துப் போட்டிருக்கிறாள். "என்ன, நத்தார்ப் பண்டிகை வந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

"உங்கடை அண்ணை வாறார். பதினாலாம் திகதி. மூண்டு கிழமை எங்களோடதான் நிப்பார்."

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டேன். என் சொந்த அண்ணை, ஸ்ரீஸ்கந்தராஜா, என்னிலும் ஒன்பது வயது மூப்பு. கொழும்பிலிருந்து கனடாவுக்கு, மகளோடு ஒரேயடியாக இருக்கப் போகிறார். அண்ணி முன்னமே போய்விட்டார். றோஸ்தான் எனக்குத் தெரியாமல் கடிதம் போட்டு லண்டனில் இறங்கிப் போகச் சொல்லியிருக்கிறாள். பதிலைக் காட்டினாள். "பிள்ளை, உமது வீட்டில் தங்குவேன்." றோஸைத்தான் பிள்ளை என்கிறார். உமது வீடாம்! நான் இங்கே வாடகைக்கு இருக்கிறேனாக்கும்.

அவரும் நானும் கதைத்துப் பன்னிரண்டு வருடம்.

7 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதாமல் விட்டால் மனம் ஆறாது. 1982. றோஸ்மலர் வேதக்காரி, நாங்கள் சைவம். அவளைக் கட்டிவிட்டேன் என்று ஊருக்கு அறிவித்தேன். அண்ணை அங்கே எனக்கு ஒரு பெண்ணைப் பேசி, நாளும் பார்த்து வைத்திருந்திருக்கிறார். ரெலிபோனில் "ஆரைக் கேட்டுச் செய்தனீ?" என்று கத்தினார். எனக்கும் கோபம். "நீர் ஆர் கேக்கிறதுக்கு?" என்றேன்.

நீர். றோஸை நாள் முழுக்க 'நீர்' என்றுதான் கூப்பிடுகிறேன், அது அன்பு. வேலையில் இருக்கிற சிவானந்தனைக் கூப்பிடுகிறேன், அது சிநேகிதம். என்னைத் தோளில் தூக்கித் திரிந்த, 'நீங்கள்' என்று கூப்பிடவேண்டிய அண்ணனுக்குச் சொன்னால் அது கன்னத்தில் அறை. அவர் ஒன்றும் பேசாமல் போனை வைத்தார். அன்றைக்கு வைத்ததுதான்.

றோஸை அவர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார். அவளுக்குக் கடிதம் எழுதுவார், பிறந்தநாள் கேட்பார். சண்டைக்குக் காரணமானவளோடு சமாதானம், என்னோடு மட்டும் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

கனடா போனால் இனி எப்போது காண்பது? அவருக்கு அறுபத்திரண்டு. இந்த இருபது நாளுக்குள் என்னோடு ஒரு சொல் கதைப்பாரா? அதுதான் என் கேள்வி. றோஸிடம் சொல்லவில்லை.

14 ஆகஸ்ட், ஞாயிறு

ஹீத்ரோ. மெலிந்துவிட்டார். றோஸைக் கண்டதும் முகம் மலர்ந்து "பிள்ளை, சுகமா இருக்கிறீரோ?" என்றார். ட்ரொலியை என் பக்கம் தள்ளிவிட்டு என் தோளுக்கு மேலால் எங்கோ பார்த்தார். தள்ளிக்கொண்டு வந்தேன். வீடு வரும்வரை காரில் றோஸும் அவரும் ஒரே கதை.

15 ஆகஸ்ட், திங்கள்

சாப்பாட்டு மேசை. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், இரண்டு முழ இடைவெளி.

"பிள்ளை, உம்மடை மனுசனிட்டச் சொல்லும், சொதியை இஞ்சாலை தள்ளச் சொல்லி."

"றோஸ், அண்ணையிட்டச் சொல்லும், உறைப்புக் கூட எண்டு."

சொதிச் சட்டி என் கைக்குப் பக்கத்தில். நான் அதை றோஸிடம் கொடுக்க, அவள் அவரிடம் கொடுக்கிறாள். இரண்டு பேரும் பைத்தியங்கள். வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

18 ஆகஸ்ட், வியாழன்

லண்டன் ரவர், பாலம், அரண்மனை வாசல். லீவு எடுத்துக்கொண்டு போனேன். அரண்மனைக் காவல்காரன் அசையாமல் நிற்பதைப் பார்த்து அண்ணை றோஸிடம், "இவனும் ஆரோடையோ கோவம் போலை கிடக்கு" என்றார். எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு கணம் – பழைய அண்ணை. பிறகு மூஞ்சையை நீட்டிக்கொண்டார்.

21 ஆகஸ்ட், ஞாயிறு

கிறீனிச். இது அவருக்காகவே கட்டின இடம். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் நிலப்படம் கீறினவர் அல்லவா. உலகத்துக்குத் தீர்க்கரேகை எண்ணத் தொடங்கும் சுழியப் பாகைக் கோட்டை நிலத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். சப்பாத்து நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். "இதிலை இருந்துதான் பிள்ளை எல்லாம் அளக்கிறது. எங்கடை வீட்டு வளவும் இதிலை இருந்துதான்" என்றார். கண் கலங்கியது.

படம் எடுக்க நின்றோம். அவர் கிழக்குப் பக்கம், நான் மேற்குப் பக்கம், றோஸ் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு காலாக. "றோஸ், அவரைக் கிட்ட வரச்சொல்லும்." "பிள்ளை, நான் நிக்கிற இடம் சரி எண்டு சொல்லும்." படம் எடுத்த ஜப்பான்காரன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

24 ஆகஸ்ட், புதன்

றோஸ் இன்று வெடித்தாள். அண்ணை குளிக்கிற நேரம், குசினியில், அடுப்புக்கு முன்னால்.

"நான் என்ன ரெலிபோன் எக்ஸ்சேஞ்சோ? தம்பி உடையான் படைக்கஞ்சானாம்! உங்கடை அண்ணைக்குத் தம்பியோட கதைக்கத்தான் பயம். நீங்களும் அப்பிடித்தான். நான் கண்ணை மூடினா ரெண்டு பேரும் ஊமையள் மாதிரித்தானே இருக்கப்போறியள்?"

"மூத்தவர் அவர். அவர்தான் முதல் கதைக்கவேணும்."

"பிழையாச் சொன்னது ஆர்?"

சப்பாத்தைப் போட்டேன். வேலைக்குப் போய்விட்டேன்.

26 ஆகஸ்ட், வெள்ளி

நாளை பாரிஸ். வங்கி விடுமுறையோடு சேர்த்து மூன்று நாள். றோஸின் ஒன்றுவிட்ட தங்கை இம்மாகுலேற் லா சப்பல் பக்கம் இருக்கிறாள், அங்கேதான் தங்கல். பிரான்ஸ் விசாவைக் கொழும்பிலேயே குத்திக்கொண்டு வந்திருக்கிறார் அண்ணை. என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாத் திட்டமும் தெரியும்.

27 ஆகஸ்ட், சனி

விக்ரோறியாவில் பஸ், டோவரில் கப்பல். றோஸ் நடுவில். அண்ணை கப்பல் கடையில் ஒரு பாரிஸ் வரைபடம் வாங்கி வழி முழுக்க வாசித்தார், மற்றவர்கள் கதைப்புத்தகம் வாசிப்பதைப்போல. இம்மாகுலேற் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. நல்லாயிருந்தது.

28 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரு பக்கம் போதாது இன்றைக்கு.

காலையில் றோஸுக்கு முழங்கால் நோவாம். "என்னாலை ஒரு அடி ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ." சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். இம்மாகுலேற் ரொட்டியும் சம்பலும் சுற்றிக் கையில் தந்தாள். படியிறங்கும்போதுதான் உறைத்தது. இனி யாரிடம் சொல்லி யாருக்குச் சொல்விப்பது?

பெரிய மாதா கோயில்வரை சமாளித்தோம். கோபுரத்தைப் பார்த்து அவர், "எத்தினை வருசம் எடுத்திருக்கும் கட்ட" என்று காற்றிடம் கேட்டார். நான் ஒரு புறாவைப் பார்த்து, "இருநூறு வருசத்துக்குக் கிட்டவாம்" என்றேன். புறாவுக்கு அறிவு வளர்ந்ததுதான் மிச்சம்.

அடுத்தது ஈபில் கோபுரம். ஆற்றங்கரையால் நடந்தாலே போய்விடலாம் என்று எனக்கு நினைப்பு. மழைத் தூறல், மூட்டம், தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் முன்னுக்கு, அவர் பத்தடி பின்னால் குடையோடு. நடந்தோம், நடந்தோம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கோபுரத்தைக் காணோம். அழகான கட்டடங்கள் எல்லாம் முடிந்து பெரிய ரோட்டுகளும், ஆற்றுக்குள் கால் வைத்து நிற்கும் அரசாங்கக் கந்தோர்க் கட்டடமும்தான் வந்தன. என்னடா இது? கடைசியில் நாயோடு வந்த ஒரு கிழவியை மறித்து, "ஈபில்?" என்றேன். அவள் சிரித்துவிட்டு நாங்கள் வந்த வழியையே காட்டினாள்.

அண்ணை அசையவில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து வரைபடத்தை எடுத்தார். சரியான பக்கம் மடித்தபடி இருந்தது. நாங்கள் நிற்கும் இடத்தில் விரலை வைத்துக் கிழவிக்குக் காட்டினார். அவள் பிரெஞ்சில் "உய், உய்" என்று தலையாட்டினாள்.

அப்படியென்றால் தொடக்கத்திலிருந்தே தெரியும்! ஆறு மேற்கே ஓடுகிறது, கோபுரமும் அந்தப் பக்கம், நாங்கள் கிழக்கே போகிறோம் என்று தெரிந்துகொண்டே ஒரு மணித்தியாலம் மழையில் என் பின்னால் வந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம்! நேரே அவர் முகத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே அண்ணை!"

அவரும் என்னை நேரே பார்த்தார்.

"நான் ஆர் சொல்லுறதுக்கு?"

பன்னிரண்டு வருடத்தில் என்னோடு கதைத்த முதல் வசனம். பக்கத்தில் ஈரமான மர வாங்கு ஒன்று இருந்தது, அதில் குந்தினேன். அவரும் வந்து மற்ற நுனியில் குந்தினார்.

ஆற்றைப் பார்த்துக்கொண்டு அவரே சொன்னார். "ஊர்ச் சங்கக்கடை போன். காதிலை வைக்காமலே ஊருக்குக் கேக்கும். ஏழெட்டுப் பேர் நிண்டவங்கள். அதுக்குப் பிறகு ஒருத்தன் என்னைக் கண்டா 'நீர் ஆர்?' எண்டு பகிடி விடுவான். மூண்டு வருசம் விட்டவன்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் ஒரு ஆளுக்குச் சொன்னேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"அண்ணை, நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. பிழை என்ரைதான்."

படகு ஒன்று போனது. பிறகு, "ரொட்டியை எடு. ஆறப்போகுது" என்றார். அது காலையிலேயே ஆறிவிட்டது. சாப்பிட்டோம். சம்பல் நல்ல உறைப்பு. கண்ணால் மூக்கால் எல்லாம் ஓடியது – சம்பலால் மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதை ஏன் ஒளிக்க?

எழும்பி வரைபடத்தை விரித்தார். "நாள் முழுக்க ஊருக்கு வழி சொல்லுறது உன்ரை உத்தியோகம். ஊருக்குச் சகுனம் சொல்லுற பல்லி கூழ்ப்பானைக்குள்ளை விழுந்த மாதிரி. வா, இந்தப் பக்கம்."

பின்னால் போனேன்.

29 ஆகஸ்ட், திங்கள்

கப்பல். றோஸ் மேல்தட்டுப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். "முழங்கால் எப்பிடி?" என்று கேட்டேன். "லூர்து மாதா சுகப்படுத்திப்போட்டா" என்றாள். கள்ளி.

அண்ணை எனக்குப் பேசின பெண்ணைப் பற்றிச் சொன்னார். இப்போது சுவிஸில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாளாம், புருசனைப் போட்டு உலுப்பு உலுப்பென்று உலுப்புகிறாளாம். "நீ தப்பினாய்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உன்னைக் கேக்காமல் நாள் வைச்சதும் பிழைதான்" என்றார்.

31 ஆகஸ்ட், புதன்

இன்று இரவுச் சாப்பாட்டில், "பிள்ளை, அவரிட்டச் சொல்லும், தண்ணியை..." என்று தொடங்கினார். றோஸ் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவரே எட்டித் தண்ணீரை எடுத்தார். பழக்கதோஷமா? அல்லது பாரிஸில் கதைத்தது பாரிஸோடு முடிந்ததா?

3 செப்ரெம்பர், சனி

ஹீத்ரோ. றோஸுக்கு அரை மணித்தியாலம் புத்தி சொன்னார். எனக்கு, "உடம்பைப் பார்." அவ்வளவுதான். என் கையை ஒரு தரம் பிடித்தார். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தது எங்கள் இரண்டு பேரையுமா, றோஸையா? கூட்டத்தில் தெரியவில்லை.

11 செப்ரெம்பர், ஞாயிறு

மாலை ஷிப்ட் முடிந்து வந்தேன். அண்ணை கனடாவிலிருந்து போன் எடுத்தவராம். "உங்களைக் கேட்டவர்" என்றாள் றோஸ். அவள் சொல்வதை நம்ப ஏலாது. பன்னிரண்டு வருடமாக இரண்டு பக்கத்துக்கும் நல்லதை மட்டுமே சொல்லி வருகிறவள்.

25 செப்ரெம்பர், ஞாயிறு

திரும்பவும் எடுத்தாராம். திரும்பவும் நான் வேலையில். "உம்மடை மனுசன் வேலையோ?" என்று கேட்டாராம். உம்மடை மனுசன், தம்பி இல்லை. இந்த முறை றோஸ் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

நானே எடுக்கலாம், நம்பர் இருக்கிறது. இரண்டு தரம் ரிசீவரைத் தூக்கி வைத்துவிட்டேன். எடுத்து, அவர் "பிள்ளை இல்லையோ?" என்று கேட்டால்?

16 ஒக்ரோபர், ஞாயிறு

இன்று லீவு. றோஸ் பூசை முடிந்து வந்து கோழி வெட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. அண்ணை. அங்கே இப்போதுதான் விடிகிறதாம். நான் குசினிப் பக்கம் திரும்பி, "றோஸ், உமக்குத்தான், அண்ணை!" என்று கூப்பிட்டேன்.

"அவவை ஏன் கூப்பிடுறாய்? ஞாயிற்றுக்கிழமை, அவ சமைப்பா" என்றார். "உன்ரை ஷிப்ட் எப்ப எப்ப எண்டு அவவிட்டக் கேட்டுத்தான் எடுத்தனான். நீ எப்பிடி இருக்கிறாய்?"

றோஸ் ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவருக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

குளிரைப் பற்றிச் சொன்னார். பேத்தி இரவில் நித்திரை கொள்ளவிடுகிறாள் இல்லையாம். அங்கே மரவள்ளிக்கிழங்கு வாங்கலாமாம், ஆனால் ருசி இல்லையாம். நான் கவுண்டரில் புது மெசின் வந்ததைச் சொன்னேன், சிவானந்தன் மீசையை எடுத்ததைச் சொன்னேன். அவருக்குச் சிவானந்தனைத் தெரியவே தெரியாது, இருந்தும் "ஏன் எடுத்தவனாம்?" என்று கேட்டார். நாற்பது நிமிடம்.

போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். றோஸ் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்னவாம் அண்ணை?"

"ஒண்டுமில்லை" என்றேன். "சும்மா கதைச்சவர்."